சாப்ட்வேரை விற்காதீர்கள், சிக்கலைத் தீருங்கள்!

வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும், தெருவே தேடி வரும். மளிகைக் கடைக்காரருக்குப் பில் பிரிண்ட் ஆகாது. பக்கத்து ஆடிட்டர் ஆபீசில் கம்ப்யூட்டர் ஆமை போல நகரும். சித்தப்பாவின் எக்ஸெல் பைலில் கூட்டுத்தொகை தவறாக வரும். நாமும் போய்ச் சரிசெய்து கொடுத்து, ஒரு காபி குடித்துவிட்டு வருவோம்.

இதே வேலையை முறையாக, கட்டணம் பேசிச் செய்தால் அதற்குப் பெயர் கன்சல்டிங். பெரிய ஆபீசோ முதலீடோ தேவையில்லை. ஆனால் வாடிக்கையாளரின் சிக்கல் என்ன என்று கண்டுபிடிக்கும் பழக்கம் கட்டாயம் தேவை. பொறியியல் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் படித்தும் எனக்கு அது தெரியவில்லை. முதல் வாடிக்கையாளரிடம் தோற்ற பிறகுதான் தெரிந்தது. அந்த அனுபவத்தையே இங்கே பாடமாகத் தருகிறேன்.

நான் தோற்ற கதை

திருநெல்வேலியில் ஒரு எலெக்ட்ரிக்கல் கடை. ஒயர், ஸ்விட்ச், மின்விசிறி, பைப் என்று ஏறக்குறைய 1,800 ஐட்டங்கள். உரிமையாளர் எங்கள் குடும்பத்திற்குத் தெரிந்தவர். ஒரு நாள் கூப்பிட்டார்.

"தம்பி, ஸ்டாக் எப்பவுமே சரியா வர மாட்டேங்கு. டேலி நமக்கு ஒத்து வரல. நம்ம கடைக்குன்னு தனியா ஒரு சாப்ட்வேர் போட்டுக் குடுத்திரு" என்றார்.

"போட்டிரலாம் அண்ணாச்சி" என்று உடனே சொல்லிவிட்டேன். அவருடைய மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினேன். என்னென்ன ரிப்போர்ட் வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். 25,000 ரூபாய் முன்பணம் வாங்கினேன். இரண்டு மாதம் இரவு பகலாக உட்கார்ந்து, பைத்தான் மொழியில் பில்லிங், ஸ்டாக் இரண்டும் சேர்ந்த ஒரு புரோகிராமை எழுதினேன். பார்க்க அழகாக இருந்தது. டேலியில் இருந்த ஐட்டம் பட்டியலை அப்படியே எக்ஸ்போர்ட் செய்து, அதில் ஏற்றினேன்.

மூன்றே வாரத்தில் போன் வந்தது. ஒயர் ஸ்டாக் மைனஸ் 300 என்று காட்டுகிறதாம். போய்ப் பார்த்தேன். என் புரோகிராமில் பிழை எதுவும் கண்ணில் படவில்லை. இரண்டு முறை திருத்தினேன். மறுபடியும் மைனஸ்.

"இதுக்குப் பழசே தேவல தம்பி" என்றார் அண்ணாச்சி. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் வலித்தது. முன்பணத்தில் பாதி ஏற்கெனவே செலவாகியிருந்தது. அப்பாவிடம் கடன் வாங்கி, முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தேன். கூடவே ஒன்று கேட்டேன். "அண்ணாச்சி, ரெண்டு நாள் கடையில சும்மா உக்காந்து பாத்துக்கிடட்டுமா? காசு ஒண்ணும் வேண்டாம்."

"இருந்துக்கோ" என்றார்.

ஸ்டூலில் உட்கார்ந்த இரண்டு நாள்

முதல் நாள் காலையில் ஒரு வேலை செய்தேன். கடைசியாகச் சரக்கு எண்ணிப் பார்த்த கணக்கையும், டேலியில் இருந்த இருப்பையும் எக்ஸெலில் பக்கத்துப் பக்கத்துக் காலத்தில் வைத்துக் கழித்தேன். வித்தியாசம் பூஜ்யம் வராத ஐட்டங்களை மட்டும் பில்ட்டர் செய்தேன். 1,800-ல் 140 ஐட்டங்கள்தான் தவறு! அவற்றைப் பிவட் டேபிளில் வகை வாரியாகப் பிரித்தபோது, 120 ஐட்டங்கள் ஒயர், கேபிள், பைப் ஆகியவை. பல்பும் மின்விசிறியும் சரியாகவே இருந்தன. "ஸ்டாக் எப்பவுமே சரியா வராது" என்ற பெரிய புகார், பத்தே நிமிடத்தில் ஒரு மூலைக்குள் ஒதுங்கிவிட்டது.

இனி 'ஏன்' என்று அடுக்கடுக்காகக் கேட்க வேண்டும். ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலைகளில் பிரபலமான முறை இது. ஒரு கோளாறு வந்தால் ஐந்து முறை 'ஏன்' கேட்டு வேரைப் பிடிப்பார்கள். நானும் கேட்டேன்.

1. ஒயரில் மட்டும் ஏன் தவறு வருகிறது? கொள்முதல் காயில் கணக்கில் வருகிறது, விற்பனையோ பெரும்பாலும் மீட்டர் கணக்கில் நடக்கிறது. ஒரு காயில் என்பது 90 மீட்டர்.

2. அதனால் ஏன் தவறு வர வேண்டும்? கம்ப்யூட்டரில் அந்த ஐட்டத்துக்கு 'நம்பர்' என்ற ஒரே யூனிட்தான் இருக்கிறது. 10 மீட்டர் விற்றால் 10 என்று அடிக்கிறார்கள். கம்ப்யூட்டரோ 10 காயில் போய்விட்டதாக எடுத்துக்கொள்கிறது.

3. ஏன் ஒரே யூனிட்? பட்டியல் உருவாக்கிய காலத்தில் கடையில் முழுக் காயில் மட்டுமே விற்றார்கள். வெட்டி விற்பது பிறகு தொடங்கியது.

4. மைனஸ் வந்தும் ஏன் யாரும் கவனிக்கவில்லை? மாதக் கடைசியில் ஒரு 'சரிக்கட்டும்' என்ட்ரி போட்டு மறைத்துவிடுவார்கள்.

5. ஏன் யாரும் சொல்லவில்லை? ஒயரை அளந்து வெட்டும் பெரியவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பில் போடும் தங்கைக்கு ஒயர் வெட்டுவதைப் பார்க்க முடியாது, அவர் உள்ளறையில் இருக்கிறார். இருவருக்கும் நடுவில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் '10' என்று மட்டும் எழுதியிருக்கும். மீட்டரா, காயிலா என்று இருக்காது.

ஆக, டேலியில் எந்தக் குறையும் இல்லை. அதே பட்டியலை ஏற்றியதால் என் புரோகிராமும் அதே தவறைச் செய்தது. இரண்டு மாதம் எழுதிய கோடு முழுவதும், யாரும் கேட்காத ஒரு கேள்விக்குப் பதில். இந்த ஐந்து விடைகளில் மூன்று அந்தப் பெரியவரிடமிருந்து கிடைத்தவை. "நம்மகிட்ட யாரு தம்பி கேட்டா?" என்றார் அவர்.

தீர்வு எப்படி அமைந்தது?

புதிய சாப்ட்வேர் எதுவும் தேவைப்படவில்லை. செய்த வேலைகள் இவைதான்:

1. முதலில் டேலி டேட்டா முழுவதையும் பேக்கப் எடுத்து, தனி ஹார்ட்டிஸ்கில் வைத்தேன். வாடிக்கையாளரின் டேட்டாவில் கை வைப்பதற்கு முன் இதைச் செய்யாமல் எதையும் தொடாதீர்கள்.

2. டேலியில் ஒரு ஐட்டத்துக்கு மாற்று யூனிட் கொடுக்கும் வசதி உண்டு. மீட்டரை அடிப்படை யூனிட்டாகவும், காயிலை மாற்று யூனிட்டாகவும் வைத்து, 1 காயில் = 90 மீட்டர் என்று அமைத்தேன். பழைய பில்கள் குழம்பாமல் இருக்க, பழைய ஐட்டங்களைத் திருத்தாமல் புதிய ஐட்டங்களாகவே உருவாக்கினேன்.

3. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு ஒயர், கேபிள், பைப்பை மட்டும் எண்ணினோம். அந்த அளவை ஸ்டாக் ஜர்னல் மூலம் புதிய ஐட்டங்களுக்கு மாற்றினேன்.

4. துண்டுச் சீட்டை மாற்றினேன். 'மீ' என்றும் 'கா' என்றும் இரண்டு கட்டம் அச்சடித்த சிறிய புத்தகம். பெரியவர் ஒரு டிக் அடித்தால் போதும்.

5. மீதியிருந்த 20 ஐட்டங்கள், ஒரே பொருளை இரண்டு பெயரில் ஏற்றியதால் வந்த தவறு. பயன்படுத்தும் பெயரை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தினோம்.

இரண்டு மாதம் கழித்து எண்ணியபோது, தவறான ஐட்டங்கள் 140-லிருந்து 11 ஆகியிருந்தன. அண்ணாச்சி 12,000 ரூபாயைக் கவரில் போட்டுக் கொடுத்தார். இன்றும் அவர் என் வாடிக்கையாளர். இந்தத் தீர்வில் அதிகம் உழைத்தது டேலி செட்டிங்கா, அந்த இரண்டு கட்டச் சீட்டா என்று கேட்டால், சீட்டு என்றுதான் சொல்வேன்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

வாடிக்கையாளர் "எனக்கு ஒரு வெப்சைட் வேண்டும்", "புது சர்வர் வேண்டும்" என்று தீர்வோடுதான் வருவார். தலைவலி என்று சொல்லாமல் மாத்திரைப் பெயரைச் சொல்லிக் கேட்பது போன்றது இது. நீங்கள் தலைவலிக்குப் போக வேண்டும். நான் இப்போது தவறாமல் கேட்கும் கேள்விகள்:

- இந்தச் சிக்கல் கடைசியாக எப்போது வந்தது? அன்று என்ன நடந்தது என்று சொல்ல முடியுமா? ('எப்பவும்', 'அடிக்கடி' போன்ற பதில்களால் பயனில்லை. ஒரு நாள், ஒரு பில், ஒரு பைல் வேண்டும்.)
- இதனால் மாதம் எவ்வளவு பணம் அல்லது நேரம் வீணாகிறது?
- இதற்கு முன் என்ன செய்து பார்த்தீர்கள்? அது ஏன் நிலைக்கவில்லை?
- தினமும் இந்த வேலையைச் செய்பவர் யார்? அவரோடு நான் பேசலாமா?
- சிக்கல் தீர்ந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வோம்?

நான்காவது கேள்விக்கு "அதெல்லாம் வேண்டாம், என்னிடமே கேளுங்கள்" என்று பதில் வந்தால் உஷாராகிவிடுங்கள். கடைசிக் கேள்விக்கு ஓர் எண் பதிலாக வரும்வரை கீபோர்டில் கை வைக்காதீர்கள்.

ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்

தெரிந்தவர், உறவினர் என்றாலும் எழுத்து அவசியம். நீளமான ஒப்பந்தம் வேண்டாம். ஒரே பக்கத்தில் ஆறு விஷயங்கள் போதும்:

1. சிக்கல் என்ன? (வாடிக்கையாளர் பேசிய வார்த்தைகளிலேயே)
2. நான் என்ன செய்வேன்?
3. எதைச் செய்ய மாட்டேன்?
4. எப்போது முடியும்? அதற்கு உங்கள் தரப்பில் யார், என்ன தர வேண்டும்?
5. கட்டணம் எவ்வளவு, எந்தெந்தக் கட்டத்தில்?
6. முடிந்ததற்கு அடையாளம் என்ன?

மூன்றாவது வரியைப் பலர் எழுதுவதில்லை. 'பிரிண்டர், நெட்வொர்க் கோளாறுகள் இதில் அடங்காது' என்று ஒரு வரி இருந்தால், பின்னால் மனவருத்தம் வராது. கட்டணத்தை நான் மூன்றாகப் பிரிக்கிறேன். தொடங்கும்போது 40%, நடுவில் 30%, முடிந்ததும் 30%. பெரிய வேலையாக இருந்தால், சிக்கலைக் கண்டுபிடிப்பதை மட்டும் தனி வேலையாக, தனிக் கட்டணத்தில் முதலில் செய்கிறேன். அறிக்கையைப் பார்த்த பிறகு மீதி வேலையை என்னிடம் தருவதும் தராததும் அவர் விருப்பம்.

கட்டணத்தை எப்படிக் கணக்கிடுவது?

'எவ்வளவு கேட்கலாம்?' என்று நண்பர்களிடம் விசாரித்துப் பயனில்லை. எக்ஸெலைத் திறந்து நீங்களே கணக்குப் போடுங்கள். ஓர் உதாரணம்:

ஆண்டுக்குக் குடும்பத்திற்குத் தேவை 4,80,000 ரூபாய். இன்டர்நெட், பயணம், லேப்டாப் செலவு 60,000 ரூபாய். மொத்தம் 5,40,000.

ஆண்டில் 300 வேலை நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லா நாளும் காசு வராது. வாடிக்கையாளரைத் தேடும் நாள், புதிதாகப் படிக்கும் நாள், கணக்கு எழுதும் நாள், வேலையே இல்லாத நாள் எல்லாம் உண்டு. தொடக்கத்தில் 120 நாள் வேலை கிடைத்தாலே நல்லது. 5,40,000-ஐ 120-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 4,500 ரூபாய். சம்பளக்காரரைப் போல 300-ஆல் வகுத்து 1,800 என்று கேட்டால், ஆறே மாதத்தில் கடன் வாங்க வேண்டிவரும்.

எலெக்ட்ரிக்கல் கடையில் நான் உழைத்தது நான்கு நாள். கணக்குப்படி 18,000. வாங்கியது 12,000. அப்போது இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது.

இது உங்கள் பக்கத்துக் கணக்கு. வாடிக்கையாளர் பக்கத்திலும் ஒன்று உண்டு. மாதம் 2,000 ரூபாய் வீணாகும் சிக்கலுக்கு 50,000 ரூபாயில் தீர்வு சொன்னால், போட்ட பணம் திரும்ப 25 மாதம் ஆகும். அது அவருக்குக் கட்டாது. இரண்டு கணக்கும் பொருந்தாத வேலையைப் பணிவாக மறுத்துவிடுவதே இருவருக்கும் நல்லது.

'தேவையில்லை' என்று சொல்லப் பழகுங்கள்

ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகம். ஆறு கம்ப்யூட்டர்களும் மெதுவாக இருக்கின்றன, ஆறும் புதிதாக வாங்க வேண்டும் என்றார்கள். ஒரு கடையில் 2,40,000 ரூபாய்க்கு விலைப்பட்டியலும் வாங்கி வைத்திருந்தார்கள். நான் செய்ய வேண்டியது எது நல்ல மாடல் என்று சொல்வது மட்டுமே.

ஒவ்வொன்றிலும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். எக்ஸெலில் ஒரு பைலைத் திறந்தாலே டிஸ்க் பயன்பாடு 100% என்று நின்றது, பிராசஸரோ சும்மா இருந்தது. குற்றவாளி பழைய சுழலும் ஹார்ட்டிஸ்க். இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருந்தது. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாப்ட்டின் வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை பிராசஸரும், டிபிஎம் 2.0 வசதியும் வேண்டும். ஆறில் நான்கு இந்தத் தகுதி உள்ளவை. இரண்டு மிகப் பழையவை.

எனவே நான்குக்கு எஸ்எஸ்டியும் கூடுதல் ரேமும் போட்டு விண்டோஸ் 11-க்கு மாற்றினோம். தலா 5,500 வீதம் 22,000 ரூபாய். இரண்டு மட்டும் புதிது, 80,000 ரூபாய். மொத்தம் 1,02,000. அவர்களுக்கு மிச்சம் 1,38,000 ரூபாய். என் கட்டணம் 8,000.

கம்ப்யூட்டர் விற்ற கடையில் கமிஷன் வாங்கியிருந்தால் இதைவிட அதிகம் கிடைத்திருக்கும். ஆனால் கமிஷன் வாங்குபவரின் ஆலோசனையை ஆலோசனை என்று எப்படிச் சொல்வது? அந்த ஆடிட்டர் தன் வாடிக்கையாளர்களில் மூன்று பேரை என்னிடம் அனுப்பினார். நான் இதுவரை விளம்பரத்துக்குச் செலவு செய்ததில்லை.

வரி, பதிவு, வசூல்

- சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பதிவு செய்த பின் கன்சல்டிங் கட்டணத்துக்கு 18% வரி. பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி போடக்கூடாது.
- சில வாடிக்கையாளர்கள் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பயப்பட வேண்டாம். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரி இணையதளத்தில் பார்த்து, ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம்.
- மத்திய அரசின் உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆதார், பான் இருந்தால் நீங்களே ஆன்லைனில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். இதற்குக் காசு கேட்கும் வெப்சைட்டுகளை நம்பாதீர்கள்.
- 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழில் செய்பவருக்குத் தர வேண்டிய தொகையை, ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் தர வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கும் உரிமை உண்டு. வழக்குக்குப் போகச் சொல்லவில்லை. பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்தாலே வசூல் கொஞ்சம் வேகமாகும்.

டேட்டா விஷயத்தில் கவனம்

வாடிக்கையாளரின் கணக்கு, பாஸ்வேர்டு, பேங்க் விவரம் எல்லாம் உங்கள் கண்ணில் படும். பாஸ்வேர்டுகளை வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள். பக்கத்தில் நின்று அவரையே டைப் செய்யச் சொல்லுங்கள். சோதனைக்காக உங்கள் லேப்டாப்பில் ஏற்றிய டேட்டாவை வேலை முடிந்ததும் அழித்துவிட்டு, அழித்ததாகச் சொல்லுங்கள். கிளம்பும் முன் பேக்கப் முறையையும் ஏற்பாடு செய்யுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகை சாதனங்கள், அதில் ஒன்று கடைக்கு வெளியே. மாதம் ஒருமுறை அந்தப் பேக்கப்பைத் திறந்தும் பார்க்கச் சொல்லுங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி இருக்க முடியாது.

இன்றே தொடங்கலாம்

வேலையை விட்டுவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும் என்பதில்லை. இந்த வாரம் உங்களுக்குத் தெரிந்த ஒரு கடையையோ, சிறிய ஆபீசையோ தேர்ந்தெடுங்கள். அனுமதி கேட்டு அரை நாள் உட்காருங்கள். லேப்டாப் வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும். யார் எதை இரண்டு முறை எழுதுகிறார், யார் எதைத் தேடுகிறார், எந்த இடத்தில் "அது எப்பவும் அப்படித்தான்" என்று சொல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்படிச் சொல்லும் இடத்தில்தான் பெரும்பாலும் உங்கள் முதல் வேலை இருக்கும்.

அந்தக் கடைக்கு எழுதிய பைத்தான் புரோகிராம் இன்னும் என் லேப்டாப்பில் ஒரு போல்டரில் இருக்கிறது. புதிய வேலைக்கு "போட்டிரலாம்" என்று வாய் வரும்போதெல்லாம் அந்தப் போல்டரை ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்கிறேன்.